சின்சே கொடுத்த பொடியில் தூக்கம் வருகிறது, டாக்டர் மாத்திரையை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. சிங்கப்பூரில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இரண்டு வருடமாகக் காரணமே இல்லாமல் பயம். ரயிலில் ஏறினால் நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவேன். இசிஜி, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது. பாலிகிளினிக் டாக்டர் பதற்றக் கோளாறு என்று சொல்லி எஸ்சிடலோபிராம் கொடுத்தார். முதல் வாரம் குமட்டல், கை நடுக்கம், பயம் இன்னும் கூடியதுபோல் இருந்தது. பயந்துபோய், கூட வேலை செய்யும் சீன அக்காவோடு அவர் போகும் சின்சேயிடம் (சீன வைத்தியர்) போனேன். நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், "கல்லீரலில் சக்தி அடைத்துக்கொண்டிருக்கிறது, அதனால் இதயம் சூடாகிறது" என்றார். ஒரு பொடி, காலை மாலை ஒரு கரண்டி வெந்நீரில். மாத்திரை தொடங்கி ஆறு வாரம், பொடி தொடங்கி நான்கு வாரம். இரண்டையும் சாப்பிடுகிறேன். இப்போது நன்றாகத் தூங்குகிறேன், ரயிலிலும் ஏறுகிறேன். பொடிதான் வேலை செய்கிறது என்று தெரிகிறது, மாத்திரையை நிறுத்தலாமா? என் கல்லீரல் கெட்டுவிட்டதா? கணவரோ "அது அவங்க உடம்புக்குச் செஞ்ச மருந்து, நமக்கு ஒத்துக்காது" என்கிறார். பொடியில் உள்ளவற்றின் பெயர்களை இணைத்திருக்கிறேன். பி.கு.: மாமியாருக்கும் (72 வயது, இதயத்துடிப்பு ஒழுங்கில்லாததால் வார்ஃபரின் சாப்பிடுகிறார்) தூக்கம் இல்லை என்பதால் பத்து நாளாக அவருக்கும் ஒரு கரண்டி கொடுக்கிறேன். நன்றாகத் தூங்குகிறார்.

பதில்:

பின்குறிப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது அதுதான். கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். ஆனால் இதே காரியத்தை வேறு வீடுகளிலும் யாராவது பாசத்தோடு செய்துகொண்டிருப்பார்கள் என்பதால் இங்கேயும் சொல்கிறேன். உங்கள் அத்தைக்கு அந்தப் பொடியை இன்றே நிறுத்துங்கள். வார்ஃபரினை நிறுத்தாதீர்கள். ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் எண், கூடினால் இரத்தம் கசியும் ஆபத்து கூடும்) பரிசோதனைக்கு அடுத்த தேதி வரும்வரை காத்திருக்காமல் வார்ஃபரின் கிளினிக்குக்குப் போன் செய்து, "பத்து நாளாகச் சீன மூலிகைப் பொடி சாப்பிட்டிருக்கிறார், அதில் டாங் குவேய் இருக்கிறது" என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். உடனே வரச் சொல்வார்கள். யாரும் திட்டமாட்டார்கள். நான் மருந்தாளுநர், வாரத்தில் இரண்டு நாள் அந்த மாதிரி ஒரு கிளினிக்கில்தான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

ஏன் இவ்வளவு அவசரம்? நீங்கள் அனுப்பிய பட்டியலில் இரண்டாவது பெயர் டாங் குவேய். சீனர்கள் பெண்களுக்கான மூலிகை என்று காலங்காலமாக நம்பும் ஒரு வேர், சூப்பில்கூடப் போடுவார்கள், வாசனை வந்தாலே தெரியும். இரத்தம் உறைவதை அது தாமதப்படுத்தக்கூடும், வார்ஃபரினும் அதே வேலையைத்தான் செய்கிறது. 1999இல் மருத்துவ இதழில் வந்த ஒரு நோயாளியின் கதை எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும்: வார்ஃபரினில் நிலையாக இருந்த ஒரு பெண், டாங் குவேய் மாத்திரையைச் சில வாரங்கள் சாப்பிட்டார், வேறு எதையும் மாற்றவில்லை, ஐஎன்ஆர் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது, நிறுத்தியபின் இறங்கியது. உங்கள் அத்தையைப் போன்றவர்களுக்கு ஐஎன்ஆர் 2க்கும் 3க்கும் நடுவில் நிற்கவேண்டும். அது 5ஐத் தாண்டினால் பல் தேய்க்கும்போது இரத்தம், காரணமில்லாமல் தோலில் நீலத் தடம், கறுத்த மலம் என்று வரலாம், வராமலும் இருக்கலாம். வராமல் இருப்பதுதான் இன்னும் மோசம், ஏனென்றால் குளியலறையில் வழுக்கித் தலையில் அடிபட்டால்தான் தெரியவரும். அப்படி அடிபட்டால், அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், நேராக அவசரப் பிரிவு.

என் கிளினிக்குக்கு ஒரு பாட்டி வந்தார். எப்போதும் 2.4, 2.6 என்று பாடம் ஒப்பிப்பதுபோல் எண் வரும். அன்றைக்கு 5.1. உணவு மாற்றமா, இல்லை. புது மாத்திரையா, இல்லை. பாரம்பரிய மருந்து ஏதாவது, இல்லவே இல்லை. விரல் நுனியில் குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே கிளம்பப் போனவர், "மருமகள் பிள்ளை பெத்திருக்கா, அவளுக்கு ஆக்குற சூப்பைத்தான் நானும் ஒரு கிண்ணம் குடிக்கிறேன், அது சாப்பாடுதானே" என்றார். சிவப்புப் பேரீச்சை, வூல்ஃப்பெர்ரி, டாங் குவேய், தினமும், நாலு வாரம். வூல்ஃப்பெர்ரியும் வார்ஃபரினோடு மோதுவதாக அறிக்கைகள் உண்டு. மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று நான் கேட்ட கேள்விதான் தப்பு, அன்றிலிருந்து "என்னென்ன குடிக்கிறீர்கள்" என்று கேட்க ஆரம்பித்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டுச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். வயிற்றில் ஒன்றோடொன்று கலந்து உறிஞ்சுதல் கெடாமல் இருக்க அந்த இடைவெளி உதவும், அவ்வளவுதான். வார்ஃபரின் உடம்பில் நாள்கணக்கில் இருக்கும், காலையில் அது, மாலையில் இது என்று பிரித்தால் இரத்தத்துக்குத் தெரியாது.

சரி, இப்போது உங்களுக்கு.

உங்கள் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதி, ஏனென்றால் உங்கள் சின்சே எதையும் ஒளிக்கவில்லை, கேட்டதும் எழுதிக் கொடுத்திருக்கிறார். சாய் ஹூ, டாங் குவேய், பாய் ஷாவ், பாய் ஜூ, ஃபூ லிங், கான் சாவ், புதினா, இஞ்சி. இந்த எட்டும் சேர்ந்தால் அதற்கு சியாவ் யாவ் சான் என்று பெயர், "கவலையில்லாமல் திரியவைக்கும் பொடி" என்று வைத்துக்கொள்ளுங்கள். சீனாவில் சோங் அரசமரபின் காலத்தில் அரசாங்க மருந்தகத்துக்காகத் தொகுத்த மருந்து முறைகளில் உள்ளது, தொள்ளாயிரம் வருடப் பழசு. இதோடு, உங்கள் பட்டியலில் உள்ளதுபோல், மு தான் பி, ஜீ ஸீ இரண்டையும் சேர்த்தால் ஜியா வெய் சியாவ் யாவ் சான். ஜப்பானில் இதையே காமி ஷோயோ சான் என்பார்கள், அங்கே அரசு காப்பீட்டில் வரும் 148 மூலிகைக் கூட்டு மருந்துகளில் இதுவும் ஒன்று, மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் எரிச்சலுக்கும் பதற்றத்துக்கும் டாக்டர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். உங்கள் சின்சே தூக்கத்துக்காக அதன்மேல் சுவான் ஸாவ் ரென், யே ஜியாவ் டெங் என்று இன்னும் இரண்டைப் போட்டிருக்கிறார். பாடப்புத்தகத்தில் இருப்பதுபோன்ற சீட்டு. மனிதர் தன் தொழிலைத் தெரிந்துதான் செய்கிறார்.

"கல்லீரல் அடைப்பு" என்பதைக் கேட்டு நீங்கள் மூன்று இரவு இணையத்தில் கல்லீரல் நோய்களைப் படித்ததாக எழுதியிருந்தீர்கள். பதற்றக்காரரிடம் போய் அப்படி ஒரு வார்த்தையைச் சொன்னால் வேறென்ன நடக்கும்! சீன வைத்தியத்தில் கல்லீரல் என்பது ஸ்கேனில் தெரியும் அந்த உறுப்பு கிடையாது. கோபம், அடக்கிவைத்த எரிச்சல், சொல்லாமல் விழுங்கிய பேச்சு இதெல்லாம் தங்கும் இடத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. இதயம் என்பது மனம் குடியிருக்கும் வீடு. நம் சித்த வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து "பித்தம் ஏறியிருக்கு" என்றால் நாம் பித்தப்பையை ஸ்கேன் எடுக்க ஓடுகிறோமா? அதே மூன்று விரல், அதே மணிக்கட்டு, வேறு ஒரு மொழி. நெருக்கடியான வேலை, வீட்டில் வாயைத் திறக்க முடியாத சூழல், அது உடம்பில் படபடப்பாக வருகிறது என்பதைத்தான் அவர் அந்த மொழியில் சொல்லியிருக்கிறார், உங்கள் கடிதத்தின் மற்ற பக்கங்களைப் படித்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

வேடிக்கை என்னவென்றால், வேறு ஒரு காரணத்துக்காக உங்கள் நிஜக் கல்லீரலைப் பரிசோதிக்கத்தான் வேண்டும். கடைசியில் இருக்கும் யே ஜியாவ் டெங் ஒரு கொடியின் தண்டு. அதே கொடியின் வேர்தான் ஹெ ஷோ வூ, நரைமுடி கறுக்கும் என்று சொல்லி விற்பார்களே, அது. அந்த வேரால் கல்லீரல் அழற்சி வந்த சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன, 2006இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கை விட்டது. தண்டைப் பற்றிய புகார் வேரைவிடக் குறைவு. எல்லோருக்கும் வருவதும் இல்லை. ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழி இல்லாததால், நான்கு வாரம் ஆகிவிட்ட நிலையில் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதில் தப்பில்லை. கண் மஞ்சளாவது, சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுவது, உடம்பெங்கும் அரிப்பு, இதில் எது வந்தாலும் பொடியை அங்கேயே வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். அதைவிடச் சுலபமான வழி, அடுத்த முறை சின்சேயிடம் அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடச் சொல்வது. எடுத்துவிடுவார், கூட்டிக் குறைப்பது அவர்களுக்குச் சகஜம்.

ஜீ ஸீ பற்றியும் ஒரு வரி. வருடக்கணக்கில், ஐந்து வருடத்துக்கும் மேல், விடாமல் சாப்பிட்ட சிலருக்குப் பெருங்குடலின் இரத்த நாளங்கள் தடித்துப்போவதை ஜப்பானியர்கள் கண்டுபிடித்து மருந்தோடு வரும் குறிப்பிலேயே எச்சரிக்கை போட்டுவிட்டார்கள். நான்கு வாரத்தில் அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம், "ஆயுசு முழுக்கச் சாப்பிடலாம், மூலிகைதானே" என்று யாராவது சொன்னால் மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்துக்கு முயற்சி செய்கிறீர்கள் என்றால் இரண்டு மருத்துவர்களிடமும் உடனே சொல்லவேண்டும், டாங் குவேயும் மு தான் பியும் அப்போது ஆகாது.

இனி உங்கள் கேள்வி. பொடிதான் வேலை செய்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், எப்படித் தெரியும்? காலண்டரை எடுத்துப் பாருங்கள். எஸ்சிடலோபிராம் வகை மாத்திரை உள்ளே போன மறுநாளே பதற்றத்தைக் குறைக்காது. முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டலும் நடுக்கமும்தான், பலருக்குப் பதற்றமே கொஞ்சம் ஏறும். பலன் மெல்ல எட்டிப் பார்ப்பது இரண்டாவது வாரத்துக்கும் நான்காவது வாரத்துக்கும் இடையில், முழுசாகத் தெரிய ஆறு வாரம், எட்டு வாரம்கூட ஆகும். நீங்கள் மாத்திரை தொடங்கி மிக மோசமான கட்டத்தில், இரண்டாவது வாரத்தின் முடிவில், சின்சேயிடம் போனீர்கள். அங்கிருந்து நான்கு வாரம். பொடி போட்டாலும் போடாவிட்டாலும் மாத்திரை வேலைசெய்ய ஆரம்பித்திருக்கவேண்டிய அதே நான்கு வாரம். அடுப்பில் அரை மணி நேரமாக இருக்கும் சோறு வேகும் நேரத்தில் நீங்கள் வந்து மூடியைத் திறந்து ஒரு கிளறு கிளறியிருக்கிறீர்கள், கிளறியதால்தான் வெந்தது என்று சொல்ல முடியுமா? கிளறியதும் உதவியிருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அதை நம்பி அடுப்பை அணைக்க வேண்டாம்.

இதில் எனக்கு டாக்டர்கள்மேலும் எங்கள்மேலும்தான் கோபம். "முதல் பத்து நாள் மோசமாக இருக்கும், பயம் கூடலாம், அது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள், தாங்கவில்லை என்றால் போன் செய்யுங்கள்" என்று மாத்திரையைக் கொடுத்த ஜன்னலில் யாராவது இரண்டு நிமிடம் செலவழித்துச் சொல்லியிருந்தால் நீங்கள் இவ்வளவு பயந்திருக்கமாட்டீர்கள். சின்சே உங்களுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், முக்கால் மணி. தூக்கம், கனவு, மாதவிடாய், மலச்சிக்கல், வாய்க்கசப்பு, மாமியாரோடு எப்படி என்பதுவரை கேட்டிருக்கிறார். இரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒருவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு முழுசாகக் கேட்டிருக்கிறார், அன்று இரவே தூக்கம் வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பொடி இரத்தத்தில் சேருவதற்கு முன்பே அந்த முக்கால் மணி நேரம் சேர்ந்துவிட்டது.

மூலிகைக்குச் சொந்தமாகப் பலனே இல்லை என்கிறேனா? இல்லை. சுவான் ஸாவ் ரென் என்பது காட்டு இலந்தைவகையின் விதை. நம் ஊர் இலந்தைப் பழத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம், ஒரே பேரினம். சுமார் 1800 வருடத்துக்கு முன் ஜாங் ஜோங்ஜிங் என்ற வைத்தியர் "உடம்பு களைத்தும் மனம் அடங்காமல் தூக்கம் வராதவர்களுக்கு" என்று இதை வைத்து ஒரு கஷாயம் எழுதியிருக்கிறார், இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. விலங்குகளில் செய்த ஆய்வுகளில் இந்த விதையிலுள்ள பொருட்கள் தூக்கத்தைத் தூண்டுவதைக் காட்டியிருக்கிறார்கள், மூளையை அமைதிப்படுத்தும் காபா என்கிற அமைப்பின் வழியாக இருக்கலாம் என்கிறார்கள். மனிதர்களில்? ஆய்வுகள் நிறைய உண்டு, பெரும்பாலும் சீன மொழியில். தொகையில் குறைவில்லை, தரத்தில்தான் இடிக்கிறது. அறுபது பேர், எண்பது பேர், நான்கு முதல் எட்டு வாரம். யாருக்கு நிஜ மருந்து, யாருக்குப் போலி என்று நோயாளிக்குத் தெரியாமல் வைத்திருக்கவேண்டும், அந்தக் கசப்பையும் வாசனையையும் போலியாகச் செய்வது லேசான காரியமா? பல ஆய்வுகளில் அந்த முயற்சியே இருக்காது. நல்ல முடிவு வந்தவை அச்சாகும், வராதவை அலமாரியில் தூங்கும். இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் என் கணிப்பு இதுதான்: லேசான பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் இந்தக் கூட்டு மருந்துகள் சிலருக்குக் கொஞ்சம் உதவலாம். இரண்டு வருடமாக ரயிலில் ஏற முடியாமல் தவித்த ஒருவர், வேலைசெய்யத் தொடங்கிவிட்ட மாத்திரையை விட்டுவிட்டு இதில் மட்டும் தொங்கும் அளவுக்கு ஆதாரம் கிடையாது.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி, பாதி தப்பு. "அவங்க உடம்பு வேற" என்பது தப்பு. கான் சாவ் என்பது அதிமதுரம், உங்கள் பாட்டி தொண்டை கட்டினால் வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னாரே, அதன் சீனத்து உறவு. இஞ்சியும் புதினாவும் யாருடையது? சிங்கப்பூரில் 1867இல் தொடங்கிய தொங் சாய் மருத்துவ நிலையம் அன்றிலிருந்தே இன மத பேதம் பார்க்காமல் ஏழைகளுக்கு இலவசமாகச் சீன வைத்தியம் பார்க்கிறது, எல்லோருக்கும் ஒன்றுபோல் என்பதுதான் அந்தப் பெயரின் பொருளே. அவர் பயப்படுவதில் சரியான பாதி, மூலிகையும் மருந்துதான் என்பது. அந்த அதிமதுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், அதிக அளவில் நாள்கணக்காகப் போனால் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியே தள்ளி, இரத்த அழுத்தத்தை ஏற்றும். உங்களுக்கு அந்த அளவில் ஒன்றும் ஆகாது. இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் போகும் மாத்திரையும், இதயத்துக்கு டிகாக்சினும் சாப்பிடும் ஒருவருக்கு? மறுபடியும் உங்கள் அத்தை என் கண்முன் வந்து நிற்கிறார். அவருடைய மருந்துப் பையில் வேறென்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை.

ஒருவேளை இந்தச் சின்சே வாடகை கூடிவிட்டது என்று கடையை மாற்றிவிட்டு, நீங்கள் இணையத்தில் "தூக்கத்துக்கு, மன அமைதிக்கு, நூறு சதவீதம் மூலிகை" என்று ஒரு டப்பாவை வாங்கிவிடக்கூடாதே என்பதற்காக மூன்று கதை. 1998இல் அமெரிக்காவில் "ஸ்லீப்பிங் புத்தா" என்று ஒரு மூலிகைத் தூக்க மாத்திரை, அருமையாக வேலை செய்தது, சோதித்துப் பார்த்தால் உள்ளே எஸ்டசோலம், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத தூக்க மருந்து. 2001இல் கலிபோர்னியாவில் "ஆன்சோ கம்ஃபர்ட்" என்று இன்னொன்று, உள்ளே குளோர்டயசெபாக்சைடு, பழகிவிட்டால் விடமுடியாத பதற்ற மாத்திரை. இரண்டும் மூலிகை வேஷம் போட்ட ஆங்கில மருந்துகள். மூன்றாவது கொஞ்சம் வேறு. ஜின் பூ ஹுவான் என்ற மாத்திரை, "தங்கத்துக்கும் மாற்றமாட்டேன்" என்று பொருள். வலிக்கும் தூக்கத்துக்கும் விற்றார்கள். 1993இல் கொலராடோவில் மூன்று குழந்தைகள் அதைத் தெரியாமல் விழுங்கி, இதயத்துடிப்பும் மூச்சும் தளர்ந்து மருத்துவமனைக்குப் போனார்கள், பெரியவர்கள் சிலருக்குக் கல்லீரல் அழற்சி. அதில் இருந்தது செடியிலிருந்து கிடைக்கும் பொருள்தான், செடியில் இருப்பதைவிடப் பலமடங்கு செறிவாக்கி, லேபிளில் வேறு செடியின் பெயரைப் போட்டிருந்தார்கள்.

பழைய முறைகளில் தாதுக்களும் உண்டு. பயத்தால் திடுக்கிட்டு எழுபவர்களுக்கு "டிராகன் எலும்பு", "டிராகன் பல்" என்று பொடித்துக் கொடுப்பார்கள், எல்லாம் மண்ணில் புதைந்து கல்லான மிருகங்களின் எலும்பு. (1935இல் ஹாங்காங் மருந்துக் கடை ஒன்றில் கிடைத்த அப்படிப்பட்ட ஒரு பல்லை வைத்துத்தான் ஜைகான்டோபிதிக்கஸ் என்ற ராட்சதக் குரங்கினம் ஒன்று இருந்ததே உலகத்துக்குத் தெரிந்தது. எத்தனை ராட்சதக் குரங்குகளைப் பதற்றக்காரர்கள் கஷாயமாகக் குடித்துத் தீர்த்தார்களோ.) எலும்பு போகட்டும், மனத்தை அமைதிப்படுத்த என்று ஜூ ஷா சேர்த்த உருண்டைகளும் இருந்தன. ஜூ ஷா என்றால் நம் சாதிலிங்கம், பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. சிங்கப்பூரில் பதிவான தயாரிப்புகளில் பாதரசம் பத்து லட்சத்தில் அரைப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி, அதனால் இங்கே முறையான கடையில் அது கிடைக்காது. ஊருக்குப் போன நண்பர் கொண்டுவந்த சிவப்பு உருண்டைக்கு அந்த விதி பொருந்தாது.

ஆகவே சின்சேயிடம் போவதென்றால் பதிவுபெற்றவரிடம் போங்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே சீன வைத்தியர்கள் பதிவு செய்துகொண்டுதான் தொழில் நடத்த முடியும், பெயரைக் கொடுத்தால் வாரியத்தின் இணையத்தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். உங்கள் சின்சே சான்றிதழைச் சுவரில் மாட்டியிருந்தார் என்று எழுதியிருந்தீர்கள், நல்லது. எஸ்சிடலோபிராம் சாப்பிடுவதை அவரிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை என்று யூகிக்கிறேன். பொடி சாப்பிடுவதை பாலிகிளினிக் டாக்டரிடம் சொன்னீர்களா? அதுவும் இல்லை, அவர் கோபித்துக்கொள்வார் என்று பயம். ஒரு பக்கம் தெரிந்தால் மறுபக்கம் என்ன நினைக்கும் என்று இரண்டு பக்கமும் மறைத்து, நடுவில் நீங்கள் மட்டும் முழுக் கதையையும் சுமந்துகொண்டிருக்கிறீர்கள், பதற்றக்காரருக்கு இதுவே ஒரு தனிப் பதற்றம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். மாத்திரையைத் தொடுவதில்லை. அதைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற வெட்டு, கூடவே பழைய பயம் எல்லாம் திரும்ப வரும், அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று இன்னும் பயப்படுவீர்கள். பொதுவாக நன்றான பிறகு குறைந்தது ஆறு மாதமாவது, பலருக்கு ஒரு வருடம், தொடரச் சொல்வார்கள், பிறகு டாக்டரோடு பேசி வாரக்கணக்கில் மெல்லக் குறைப்பார்கள். எது வேலை செய்கிறது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்றால் பொடியை மூன்று வாரம் நிறுத்திப் பாருங்கள், மாத்திரையைப்போல் அதை நிறுத்துவதில் சிக்கல் இல்லை. தூக்கம் அப்படியே இருந்தால் விடை கிடைத்துவிட்டது, பணமும் மிச்சம். தூக்கம் கெட்டால், டாக்டருக்குத் தெரிந்தபடி, கல்லீரல் பரிசோதனையும் சரியாக இருந்து, யே ஜியாவ் டெங்கை எடுத்துவிட்டு, மறுபடி கொஞ்ச நாள் சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பொடியும் மாத்திரையும் சேர்ந்து பகலில் தூங்கி விழவைத்தால் உடனே சொல்லுங்கள். எஸ்சிடலோபிராம் வகை மாத்திரைகளே இரத்தக் கசிவை லேசாகக் கூட்டக்கூடியவை, அதனால் டாங் குவேயோடு சேர்த்து வலி மாத்திரை, ஆஸ்பிரின் என்று போடாதீர்கள்.

இன்னொன்று, ரயில். இப்போது ஏறுகிறேன் என்று ஒரு வரியில் கடந்துபோய்விட்டீர்கள், உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். பயந்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய், இறங்கி ஓடாமல், படபடப்பு தானாக ஏறித் தானாக இறங்கும்வரை உட்கார்ந்திருப்பது பதற்றத்துக்கு நன்றாக நிரூபணமான சிகிச்சையின் ஒரு பகுதி. நீங்கள் யாரும் சொல்லாமலே பாதியைச் செய்துவிட்டீர்கள். மீதியை முறையாகச் செய்ய உளவியலாளரிடம் அனுப்பும்படி பாலிகிளினிக் டாக்டரிடம் கேளுங்கள், காத்திருக்க வேண்டியிருக்கும், இருந்தாலும் பெயரைக் கொடுத்துவையுங்கள். சின்சே கொடுத்த முக்கால் மணி நேரத்தை அங்கேயும் கொடுப்பார்கள்.

அத்தையை வார்ஃபரின் கிளினிக்குக்கு அழைத்துப் போகும்போது இரண்டு விஷயம். பொடியை நிறுத்தியதும் ஐஎன்ஆர் மறுபடி இறங்கக்கூடும், அதனால் ஒரு முறை பார்த்ததோடு விடமாட்டார்கள், ஒரு வாரத்தில் திரும்ப வரச் சொல்வார்கள், "அதான் பார்த்தாச்சே" என்று விட்டுவிடாதீர்கள். அப்புறம், பொடி டப்பாவோடு அந்தச் சின்னப் பிளாஸ்டிக் கரண்டியையும் எடுத்துப் போங்கள். எவ்வளவு சாப்பிட்டார் என்று கேட்டால் ஒரு கரண்டி என்றுதான் சொல்வீர்கள், அது ஒரு கிராமா மூன்று கிராமா என்று கரண்டியைப் பார்த்தால்தான் எங்களுக்குத் தெரியும்.